டிங் என்றால் நிறுத்து, டிங் என்றால் தூக்கு

அந்த வீடியோ பதினொரு வினாடி. மூன்றாவது வினாடியில் சீனப் பாஸ் "டிங்" என்று கத்துகிறார். நான்காவது வினாடியில் என் குரல் தமிழில் "தூக்கு, தூக்கு" என்கிறது. ஏழாவது வினாடியில், எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற மூதூர்க்காரரின் அலறல். அதற்குப் பிறகு வெறும் ஆகாயம்தான். படம் எடுத்துக்கொண்டிருந்த வெல்டிங்காரன் போனைக் கீழே போட்டுவிட்டான்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சீனக் கம்பனி களஞ்சியம் கட்டியது. தூண்களின் மேல் கொங்கிறீட் பீம் ஏற்றியாகிவிட்டது. பீமின் நுனியைப் பாரம் தூக்கும் ஜக் வைத்து இரண்டு விரல் அளவு உயர்த்தி, அந்த இடைவெளியில் ஒரு றப்பர் தட்டைச் செருக வேண்டும். செருகிக்கொண்டிருந்தவர் நானா. ஜக் சரியத் தொடங்கியதை எதிர்ச் சாரத்தில் நின்ற பாஸ் கண்டு கத்தினார். அதை நான் தமிழில் கத்தினேன். ஜக்கில் நின்றவன் இன்னும் ஒரு முறை கைபிடியை அழுத்தினான். ஜக் உதைத்துக்கொண்டு வெளியே பறந்தது. பீம் நானாவின் வலது கையின் மேல் அமர்ந்தது. அதைத் திரும்பத் தூக்கிக் கையை எடுக்க இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுவதும் நானா என் சட்டைக் கொலரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த விரலையும் மட்டும் காப்பாற்றினார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கணக்கு வாத்தியார் கன்னத்தோடு சேர்த்து இடது காதில் அறைந்தார். நான் கதிரையைத் தூக்கி அவர் முழங்காலில் அடித்தேன். அன்றைக்குப் பள்ளியை விட்டு ஓடியவன், ஈச்சிலம்பற்றில் இருந்த வீட்டுக்கும் போகவில்லை. அங்கே அப்பாவின் கை இன்னும் கனமானது. பிறகு புல்மோட்டையில் வள்ளம் இழுத்தேன், கண்டிப் பக்கம் ஹோட்டலில் கோப்பை கழுவினேன், தெற்கில் சீனக் கம்பனி ஒன்றின் வீதி வேலைக்குத் தார் காய்ச்சினேன். தார் வேலையில் சிங்களம் நன்றாக வந்தது, சீனம் கொஞ்சம் வந்தது. கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதுவேன், பக்கத்தில் பொருள் எழுதுவேன். இங்கே வேலைக்கு வந்தபோது அந்தக் கொப்பியில் நூற்றுச் சொச்சம் சொற்கள் இருந்தன. வேறு எவனுக்கும் பத்துக்கூடத் தெரியாது. அதனால் பாஸின் வாய்க்கும் தமிழ் ஆட்களின் காதுக்கும் இடையில் என்னை நிறுத்தினார்கள்.

முதல் வாரம் பாஸ் மண்வெட்டிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். சாப்பாட்டு நேரத்தில் யாரோ "வாடா, சோறு வந்திட்டுது" என்று கூப்பிட, பாஸ் பிடியை ஓங்கிவிட்டார். எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. சீனத்தில் "டா" என்றால் அடி. காலையில் இருந்து மாலை வரை அறுபது ஆட்கள் ஆளுக்காள் வாடா, போடா, ஏன்டா என்று சொல்வது அவருக்கு அடி, அடி, அடி என்று கேட்டிருக்கிறது. நான் இதைச் சொன்னதும் மூதூர் நானா சாந்து வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப நாங்க பொறந்ததிலயிருந்து சீனம்தான்டா கதைக்கிறம்!"

அதற்குப் பிறகு பாஸ் கடந்து போகும்போதெல்லாம் வேண்டுமென்றே டா போட்டுப் பேசினார்கள். அவரும் கொஞ்ச நாளில் சிரிக்கப் பழகினார். நானாவைக் கண்டால் முஷ்டியை மடக்கிக் காட்டி "டா?" என்பார். நானா "வாடா" என்பார்.

விபத்துக்கு அடுத்த நாள் கொழும்பில் இருந்து கம்பனி ஆள் ஒருவர் விசாரிக்க வந்தார். சிங்களத்தில் கேட்டார், நான் பாஸிடம் கேட்டேன். பாஸ் நெஞ்சில் தட்டிச் சொன்னார். "வோ ஷுவோ டிங். டிங்!" அதாவது, நான் சொன்னது டிங் என்று. என் கொப்பியில் டிங் என்பதற்கு நேரே, ஜக் அடித்துத் தூக்கு என்று இருந்தது. தெற்கிலேயே எழுதியது அது. நிறுத்தச் சொல்லும்போது அங்கே "ஸ்டொப்" என்றுதான் கத்துவார்கள்.

"தூக்கச் சொன்னதாகச் சொல்கிறார்," என்றேன்.

"ஒத்துக்கொள்கிறாரா?"

"ஓம் சேர்."

கம்பனி ஆள் எழுதிக்கொண்டார். பாஸ் என் முகத்தையும் பேனையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அந்த அறையில் என் வாயைத் தவிர வேறு வாய் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நானாவின் தமையன் வந்தார். மூதூரில் மரக்காலை என்கிற மரக்கடை வைத்திருப்பவர். நான்கு பேர் கூட வந்திருந்தார்கள். கேற்றில் என் கழுத்தைப் பிடித்தார்.

"என்ட தம்பிட கையில பீமப் போடச் சொன்னது ஆரு? நீயா, சீனனா?"

"நான் அவர் சொன்னதத்தான் சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"தூக்கச் சொன்னவர்."

கழுத்தை விட்டார். அவர்கள் கம்பிக் குவியலில் இருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். பாஸ் தண்ணீர்த் தாங்கியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேற்றடிக்குக் கேட்டது. இரண்டாவது வாயில். மண்டியிட்டு விழுந்தார். பிறகு காலால் மிதித்தார்கள். ஒருவன் அவருடைய வலது கையை இழுத்துச் சீமெந்துக் கல்லின் மேல் வைத்தான். அந்த நேரம் வேலையாட்கள் ஓடிப்போய் மறித்ததால் கை தப்பியது. நான் ஓடவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்ட ஒன்று என்னை நிற்க வைத்தது.

பாஸ் இடது கையை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு, இரத்தம் வழியும் வாயால் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைக் கத்தினார். டிங். டிங். டிங்.

அடி வாங்கும் மனிதன் ஏன் தூக்கு, தூக்கு என்று கத்த வேண்டும்?

அடுத்த நாள் முகாமின் சீனச் சமையல்காரனைக் குசினியில் பிடித்து, டிங் என்றால் என்ன என்று கேட்டேன். அவன் கத்தியை வைத்துவிட்டு, "டிங்" என்று இரண்டு கையாலும் எதையோ மேலே தள்ளிக் காட்டினான். பிறகு "டிங்" என்று உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நிறுத்தினான். இரண்டு சொற்கள். எனக்கு ஒரே சத்தம். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னான். ஒரே சத்தம். அவனுக்குப் பெரிய பகிடி. பானையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

வெல்டிங்காரனிடம் இருந்து வீடியோவை என் போனுக்கு வாங்கினேன். மூன்றாவது வினாடியில் இருப்பது எந்த டிங் என்று எனக்குத் தெரிய வேண்டும். சமையல்காரனுக்குப் போட்டுக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான். காட்டவில்லை. அவன் சொன்னால் முழு முகாமுக்கும் தெரிந்துவிடும். என் காதாலேயே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். அது வீரம் இல்லை, பயம்.

போனில் சீனம் படிப்பது என்று தேடினால் சிரித்த முகத்தோடு பெண்கள் வருவார்கள். வணக்கம் சொல்வார்கள், பிறகு அரை மணி நேரம் இங்கிலீசில் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம் வேண்டும். அறை தந்திருந்த வீட்டுக்காரரிடம் பழைய சிற்றலை றேடியோ ஒன்று இருந்தது. அதில் சீனாவில் இருந்து தமிழிலேயே பேசும் ஒலிபரப்பு ஒன்று அகப்பட்டது. ஒரு பெண் குரல் "அன்பு நேயர்களே" என்றது. துறைமுகத்தில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் கொஞ்ச நேரம் கேட்டேன். பாடம் தொடங்கும் நேரம் பார்த்துக் கடல் இரைச்சல் மாதிரி ஒன்று வந்து மூடிவிடும். கடைசியில் சமையல்காரனிடம் போனைக் கொடுத்து, றேடியோ என்ற சொல்லைச் சீன எழுத்தில் அடித்துத் தரச் சொன்னேன். அந்த நான்கைந்து எழுத்தைப் போட்டதும் சீன வானொலிகள் அணைக்கட்டு உடைந்த மாதிரி வந்தன.

செய்திகள் உதவாது. துவக்குச் சூடு போல ஓடும், மூச்சு விடுவதற்குக்கூட நிற்காது. நாடகங்களில் அழுகைதான் அதிகம். இரண்டுதான் எனக்கு உதவின. ஒன்று, ஏதோ ஒரு பெரிய பட்டணத்தின் போக்குவரத்து வானொலி. பட்டணத்தின் பெயர் இன்றைக்கும் தெரியாது. அங்கே எந்நேரமும் வாகனங்கள் மோதிக்கொள்கின்றன, நெரிகின்றன, நிற்கின்றன. நிறுத்து, நிறுத்துமிடம், நிற்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு டிங் வரும். மற்றது, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பொட்காஸ்ட். ஒரு ஆட்டுக்குட்டி கண்ட கதவையெல்லாம் கொம்பால் முட்டும். அந்த முட்டுதலும் டிங்தான், ஜக் முட்டித் தூக்குகிற அதே டிங். கதை சொல்லும் பெண் ஒவ்வொரு முட்டுக்கும் மேசையில் ஒரு குத்து விடுவாள்.

விடிய எழும்பி ஒரு மணி நேரம் போக்குவரத்து. சாப்பாட்டு நேரத்தில் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஆட்டுக்குட்டி. ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்பேன். கடைசியில் பதினொரு வினாடி வீடியோ. இடது காது எப்போதும் போல விசில் அடித்துக்கொண்டிருக்கும், அதனால் வலது காதுக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் நானாவின் அலறலையும் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது வினாடியோடு நிறுத்தலாம்தான், விரல் பிந்திவிடும்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. சண்டைக் காலத்தில் ஒன்பது வயதில், பங்கருக்குள் இருந்துகொண்டு எது போகிற ஷெல், எது வருகிற ஷெல் என்று வெடி கிளம்பும் சத்தத்திலேயே சொல்வேன். பெரிய ஆட்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் குனிவார்கள். ஒரே ஒரு நாள் பிழையாகிவிட்டது. போகிற ஷெல் என்றேன். பக்கத்து வீட்டுப் பசு இரண்டு துண்டாகக் கிடந்தது, கன்று அதில் ஒரு துண்டில் பால் குடிக்கப் பார்த்தது. அப்பா என்னைக் கட்டிவைத்து அடித்தார். அந்தக் காதுக்கு இரண்டு டிங் பிரித்துக் கேட்க ஏலாதா?

நாற்பது நாள் ஏலவில்லை.

முதலில் பிடிபட்டது காற்று. ஆட்டுக்குட்டிப் பெண் ஒரு நாள் கதைக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டினாள். மைக்குக்கு முன்னால் ஒரு கடதாசியைப் பிடித்துச் சொற்களைச் சொன்னாள். ஒரு டிங்குக்குக் கடதாசி படபடத்தது. மற்ற டிங்குக்குச் சும்மா இருந்தது. நானும் பஸ் டிக்கெற்றை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். என் இரண்டு டிங்குக்கும் டிக்கெற் அசையவில்லை. நமக்கு ட ஒன்றுதான். அதில் காற்று ஊதுவது இல்லை. கொப்பியில் என்ன எழுதினாலும் ஒன்றாகத்தான் விழும். காற்று வருகிற சொல்லுக்கு ஒரு ஹ சேர்த்து ட்ஹிங் என்று எழுதினேன். அதுதான் நிறுத்து.

பிறகு ஏற்ற இறக்கம். என்னைக் கவிழ்த்தது அதுதான். தூக்கு என்கிற டிங், மூட்டை சுமப்பவனின் முனகல் மாதிரிக் கீழே போகிறது. நிறுத்து என்கிற ட்ஹிங், "ஓமா?" என்று கேட்பது மாதிரி மேலே ஏறுகிறது. மேலே ஏறுகிற குரலைக் கேட்டால் எங்கள் ஆள் மேலே தூக்கத்தானே சொல்வான்.

அன்று ஆட்டுக்குட்டி முடிந்து வீடியோவைப் போட்டேன். மூன்றாவது வினாடி. காற்று வந்தது. குரல் ஏறியது. ட்ஹிங்! திரும்பப் போட்டேன். ட்ஹிங்! அது இனி எப்போதும் வேறு மாதிரிக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. மிச்சச் சோற்றை நாய்க்குக் கொட்டினேன். அந்த நேரம் பாஸ் எனக்கு முன்னால் இருபது அடியில் கல் அள்ளிக்கொண்டிருந்தார். விசாரணைக்குப் பிறகு அவரைப் பாஸ் வேலையில் இருந்து இறக்கி, மண்வெட்டி கொடுத்திருந்தார்கள். தோள் சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. முன்பல் இரண்டும் இல்லை.

நான் பழக்கப்படி செய்வதைச் செய்தேன். பையைக் கட்டினேன். இருபத்தைந்து வருடமாக எந்த ஊரில் பிழை செய்தாலும் அடுத்த ஊருக்கு பஸ் இருக்கும். திருகோணமலை பஸ் நிலையத்தில் எந்நேரமும் திரிகிற மான்கள் வாழைப்பழத் தோலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. புல்மோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். பழக்கத்தில் இயர்போனைக் காதில் செருகினேன். அந்தப் பட்டணத்தில் யாரோ யாரையோ இடித்துவிட்டார்கள். ட்ஹிங் என்றான் அறிவிப்பாளன். இன்னொரு ட்ஹிங். ஒன்றுகூடத் தவறாமல் எனக்கு விளங்கியது. புல்மோட்டையிலும் விளங்கும். கொண்டக்டர் வருவதற்கு முன் இறங்கி மூதூர் பஸ்ஸில் ஏறினேன்.

நானா வாசலில் கதிரையில் இருந்து, மிஞ்சிய இரண்டு விரலால் மாம்பழத் தோல் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். தமையனும் அங்கேதான் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். ஜக் சரிவதைக் கண்டு பாஸ் நிறுத்தச் சொன்னார், நான்தான் தூக்கு என்று பிழையாகக் கத்தினேன் என்றேன். வீடியோவைப் போட்டேன். ட்ஹிங், டிங் என்று இரண்டையும் சொல்லிக் காட்டினேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்டா," என்றார் நானா. அலறல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத நிப்பாட்டு."

தமையன் எழும்பினார். முதல் அறையில் கண் இருட்டியது. நெஞ்சில் உதைத்தார். வேலியோடு போய் விழுந்தேன். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி இன்னும் இரண்டு. நான் கையை உயர்த்தவில்லை.

"நானா, காணும்," என்றார் எங்கள் நானா தன் தமையனிடம். "அடிச்சா விரல் முளைக்குமா?"

"விரலுக்கு இல்ல," தமையனுக்கு மூச்சு வாங்கியது. "இவன்ட கதையக் கேட்டு ஒரு மனிசன்ட பல்ல ஒடச்சிட்டன்டா நான். வாய்க்க தண்ணி ஊத்தினாப் போகுமா அந்தப் பாவம்?" என்னைக் காலால் தட்டினார். "எழும்பு. நாளைக்கு நீயும் நானும் அவனிட்டப் போறம்."

போனோம். பாஸ் கல் குவியலடியில் இருந்தார். தமையனைக் கண்டதும் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். வேலையாட்கள் சுற்றிவரக் கூடினார்கள். நான் எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். நீ ட்ஹிங் சொன்னாய். நான் டிங் சொன்னேன். பிழை நான். அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். இன்னொரு முறை சொல் என்று நாடியை உயர்த்திக் காட்டினார். சொன்னேன்.

தமையன் கையில் கொண்டுவந்த கம்பித் துண்டைக் கல்லின் மேல் போட்டார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பாஸுக்கு முன்னால் போய் முகத்தை நீட்டினார்.

"அடிடா," என்றார்.

நான் மொழிபெயர்க்க வாய் எடுத்தேன். தேவை இருக்கவில்லை. டா பாஸுக்கு விளங்கும்.

பாஸ் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருடைய நல்ல தோள் இடது தோள். இடது முஷ்டி என் மூக்கில் இறங்கியது. இரண்டாவது வாயில். நான் மல்லாக்க விழுந்தேன். அவர் என் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து மூன்றாவது, நான்காவது என்று குத்தினார். அழுதுகொண்டே குத்தினார். யாரும் மறிக்கவில்லை, தமையனும் மறிக்கவில்லை. ஒரு பல் நாக்கின் அடியில் புரண்டது. இதற்கு மேல் ஏலாது என்று ஆனபோது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிழையாகச் சொன்னால் இன்னும் முட்டு என்று ஆகிவிடும். உள்ளே இருந்த காற்று முழுவதையும் கூட்டினேன்.

"ட்ஹிங்."

காற்றோடு இரத்தமும் போய் அவர் சட்டையில் தெறித்தது. ஓங்கிய கை அங்கேயே நின்றது.